மும்பையில் மின்னல் எங்கே ஒளிந்திருக்கிறது? இரண்டு மழைக்காலமாகக் கடலைப் பார்த்து நிற்கிறேன்

செம்பூர்ச் சிட்டு | ஜூலை 14, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இது முதல் பதிவு. முந்தின வருடம் போனஸ் பணத்தில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் ட்ரைபாடும் வாங்கினேன். வாங்கினது மின்னலுக்காகத்தான். சின்ன வயதில் தென்காசிப் பக்கம் ஐப்பசி மாதம் திண்ணையில் உட்கார்ந்து, மின்னல் வெட்டினதும் காதைப் பொத்திக்கொண்டு இடிக்குக் காத்திருப்போம். அந்த மாதிரி ஒன்றே ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மெரின் டிரைவ், வொர்லி சீஃபேஸ், பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் மூன்றிலும் மாறி மாறி நின்று பார்த்தாயிற்று. மழை கொட்டுகிறது. வானம் துவைக்காத போர்வை மாதிரி ஒரே சாம்பலாகக் கிடக்கிறது. மின்னல் மட்டும் இல்லை. போன ஞாயிறு நாலு மணி நேரம் நின்று 212 படம் எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, சுவரையா எடுத்தே?" என்று கேட்டாள்.

தப்பு எங்கே? செட்டிங்கா, இடமா, என் ராசியா?

மாட்டுங்கா மாமா | ஜூலை 14, இரவு 11:20

ராசி எல்லாம் இல்லை அம்மா. மாதம்தான் தப்பு, திசையும் தப்பு. டோம்பிவிலிக்காரன் வந்து விவரமாகச் சொல்வான், அவனுக்கு அதில் பித்து. நான் தூங்கப் போகிறேன்.

தாராவித் தம்பி | ஜூலை 14, இரவு 11:31

அக்கா, 212 படத்தில் ஒன்றையாவது போடுங்கள். சுவர் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் :)

டோம்பிவிலிக்காரன் | ஜூலை 15, காலை 7:48

மாமா பித்து என்கிறார், என் வீட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை இருந்தால் மின்னல் இருக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே ஜூலை மழைக்கு அது பொருந்தாது. மின்னலுக்கு மேகத்தில் தண்ணீர் இருந்தால் போதாது, பனிக்கட்டி வேண்டும். மேகத்தின் மேல்பாதியில் பனித்துகளும் ஆலங்கட்டிக் குருணையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே மேலும் கீழும் போக வேண்டும். இலேசான துகள் மேலே போய்விடும், குருணை கீழே தங்கும். மின்னேற்றம் இரண்டாகப் பிரிவது அப்படித்தான். அதற்கு அடியிலிருந்து காற்று வேகமாக ஏற வேண்டும், ஏறுவதற்குத் தரை சுட வேண்டும்.

ஜூலையில் மும்பைத் தரை எங்கே சுடுகிறது? வாரக்கணக்கில் வெயிலே இல்லை. அரபிக்கடலிலிருந்து தென்மேற்குக் காற்று ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியில் மோதி ஏறுகிறது. பெரும்பாலும் உயரம் குறைந்த மேகத்திலிருந்தே மழை கொட்டிவிடுகிறது. அமைதியான மழை. குடைக்கு மட்டும்தான் கேடு.

இடி மின்னல் வருவது இரண்டு நேரத்தில். மே கடைசியிலிருந்து பருவமழை வந்து சேரும் ஜூன் முதல் பாதி வரை ஒன்று. மழை விடைபெறும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் இரண்டு வாரம் இன்னொன்று. அப்போது காலையில் வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் வெள்ளையாகக் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலேயும் போகும். அந்த நாட்களில் மேல்காற்று கிழக்கிலிருந்து வருவதால் மேகம் கர்ஜத், பத்லாபூர், கல்யாண், தாணே என்று இறங்கி, சாயங்காலம் ஆறு ஏழுக்கு உங்கள் தலைக்கு வரும்.

நீங்கள் இரண்டு வருடமாகச் சம்பவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். கடலை விடுங்கள். அக்டோபரில் கிழக்கே பாருங்கள்.

மாட்டுங்கா மாமா | ஜூலை 15, காலை 9:15

எங்கள் பாட்டி ஈசான மூலையில் மின்னினால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவாள். அவளுக்கு ராடார் கிடையாது. செம்பூரிலிருந்து ஈசானம் என்றால் வாஷி கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், பார்சிக் மலை. பாட்டி கணக்கு இந்த ஊருக்கும் சரியாகத்தான் வருகிறது.

செம்பூர்ச் சிட்டு | ஜூலை 15, மதியம் 1:40

இரண்டு வருடமாக யாரும் இதைச் சொல்லவில்லை! யூட்யூபில் பார்த்ததெல்லாம் செட்டிங் வகுப்புதான், எந்த மாதம் என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சரி, அக்டோபர் வரை என்ன செய்வது? கேமராவைப் பூட்டி வைக்கவா?

பன்வேல் பாண்டி | ஜூலை 15, இரவு 8:05

பூட்டி வைத்தால் பூஞ்சைதான் படம் எடுக்கும், அது பின்னால் வருகிறேன். ஜூலை மேகத்துக்கு மின்னல் தெரியாது, ஆனால் மலையோடு விளையாடத் தெரியும். நகரத்தை விட்டு வெளியே வாருங்கள்.

நாணேகாட் போயிருக்கிறீர்களா? கல்யாணில் மால்ஷேஜ் காட் வழியாகப் போகும் அரசு எஸ்டி பஸ் பிடித்து, முர்பாட் தாண்டி வைஷாக்கரேயில் இறங்கினால் இரண்டு மூன்று மணி நேர ஏற்றம். மேலே ஒரு கணவாய். அந்தப் பக்கம் ஜுன்னர், இந்தப் பக்கம் நேர் கீழே கொங்கணக் கரைநிலம். சாதவாகனர் காலத்து வணிகப் பாதை அது. குகையில் அரசி நாகனிகாவின் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, அதில் எண்கள் கூடப் பொறித்திருக்கிறார்கள். சுங்கக் காசு போட்டதாகச் சொல்லும் கல் தொட்டி ஒன்றும் நிற்கிறது. நாணே என்றால் மராத்தியில் காசு. நம் நாணயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அருவி கீழே விழாது. பாறை விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்க்கும், கீழேயிருந்து கணவாய் வழியாக முட்டிக்கொண்டு வரும் காற்று அதை அப்படியே தூக்கி உங்கள் முகத்தில் வீசும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதற்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள். எல்லோரும் அருவி என்றதும் பட்டுத்துணி மாதிரி வழுவழுப்பாக எடுக்கப் பார்ப்பார்கள். இங்கே அப்படி எடுத்தால் வெறும் மூட்டம்தான் மிஞ்சும், தண்ணீர் மேலே போகிறது என்பதே தெரியாது. 1/1000 நொடிக்குப் போங்கள், ஒவ்வொரு துளியும் தனியாக நிற்க வேண்டும். ஓரத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். குடை பின்பக்கமாக மடங்கிய ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

லென்ஸ் முகப்பைத் துடைக்கக் கைக்குட்டை ஏழெட்டு வேண்டும். மிகையில்லை. நான் ஆறு கொண்டுபோய் ஏழாவதாகச் சட்டை நுனியில் துடைத்தேன், கீறல் இன்னும் இருக்கிறது.

தாராவித் தம்பி | ஜூலை 15, இரவு 8:30

கேமராவுக்கு மழை உறை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். நான் அண்ணன் கேமராவுக்கு ஓட்டல் குளியலறைத் தொப்பி போட்டேன். எலாஸ்டிக் அழகாகப் பிடித்துக்கொண்டது. செலவு பூஜ்யம்.

கமுக்கம் | ஜூலை 16, காலை 6:10

ஹரிச்சந்திரகட் கோட்டையின் கொங்கண் கடாவை யாரும் சொல்லவில்லையே. மேற்கே பார்த்த, உள்வாங்கி வளைந்த பெரிய செங்குத்துப் பாறை. மழை கொஞ்சம் இடைவெளி விட்ட காலையில் முதுகுக்குப் பின்னால் சூரியன், எதிரே பள்ளத்தில் மூடுபனி என்று அமைந்தால், பனியில் உங்கள் நிழல் விழும். நிழலின் தலையைச் சுற்றி முழு வட்டமாக ஒரு சின்ன வானவில். மராத்திக்காரர்கள் இந்திரவஜ்ரம் என்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வட்டம் தெரியும், உங்கள் தலையைச் சுற்றித் தெரியாது. நான் ஐந்து தடவை போய் ஒரு தடவை பார்த்தேன். அதுவும் அரை நிமிஷம். எடுத்த படம் ஆடிப்போயிருந்தது.

கொலாபா கிங் | ஜூலை 16, இரவு 9:44

ஜூலையில் மின்னல் இல்லை என்று யார் சொன்னது? நேற்று இரவு நான் எடுத்தது. பாந்த்ரா-வொர்லி சீ லிங்க் கடல்பாலத்துக்கு மேலே மூன்று கிளை மின்னல். [படம்]

செம்பூர்ச் சிட்டு | ஜூலை 16, இரவு 9:58

ஐயோ, அருமை! டோம்பிவிலி அண்ணா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

டோம்பிவிலிக்காரன் | ஜூலை 16, இரவு 10:20

ஜூலையில் வரவே வராது என்று நான் சொல்லவில்லை, அரிது என்றுதான் சொல்ல வந்தேன். மழை சில நாள் விட்டுவிட்டுத் திரும்பும்போது எப்போதாவது வெட்டும். ஆனால் இந்தப் படம்... கமுக்கம் பார்க்கட்டும்.

கமுக்கம் | ஜூலை 16, இரவு 11:02

பார்த்தேன். மூன்று கிளை வெட்டியிருக்கிறது, கீழே கடலில் ஒரு கீற்று வெளிச்சம் கூட இல்லை. பாலத்தின் கம்பி வடங்களுக்கு இடையில் தெரியும் வானம் ஒரு நிறம், வடத்துக்கு வெளியே வேறு நிறம். மேகம் வலப்பக்கம் நிலா வெளிச்சத்தில் இருக்கிறது, கட்டடங்கள் இடப்பக்கம் வெளிச்சத்தில் இருக்கின்றன. வானம் வேறு ஊர், கடல் நம் ஊர்.

கொலாபா கிங் | ஜூலை 16, இரவு 11:15

சரி, வானத்தை மாற்றினேன். அதில் என்ன குற்றம்? ஃபோட்டோஷாப்பில் 2020இலிருந்தே வானத்தை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா?

மாட்டுங்கா மாமா | ஜூலை 17, காலை 8:40

நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் நயாகரா அருவி ஒட்டுவோமே, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. யாரும் அதை "நேற்று எடுத்தேன்" என்று சொல்லிக் காட்டியதில்லை.

பன்வேல் பாண்டி | ஜூலை 17, காலை 9:20

நான் கிங் பக்கம் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டுவது, மூட்டத்தை விலக்குவது, பத்து மின்னல் படத்தை ஒன்றாக அடுக்குவது எல்லாம் நாம் எல்லோரும் செய்வதுதான். எங்கே கோடு போடுவது? நான் போடும் கோடு, அந்த இடத்தில் அந்தப் பொழுதில் இருந்ததா என்பது. அடுக்கினால் அடுக்கியது என்று கீழே எழுதிவிடுவேன்.

கொலாபா கிங் | ஜூலை 17, மதியம் 12:05

அடுத்த தடவை எழுதிவிடுகிறேன். "நேற்று" என்றது என் தப்பு.

டோம்பிவிலிக்காரன் | ஜூலை 19, இரவு 9:30

சிட்டு தனிமடலில் செட்டிங் கேட்டார், எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் மின்னல் கூடுதல் வெளிச்சமாக விழாது. அது வெட்டி மறைவது ஒரு நொடிக்குள். மின்னல் எவ்வளவு பளிச்சென்று விழ வேண்டும் என்பதை அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்வு)தான் தீர்மானிக்கும். ஷட்டர் நேரம் ஊர் விளக்குகளுக்கு. மும்பையில் அது ஏகப்பட்டது, முப்பது நொடி திறந்தால் இரவு பகலாகிவிடும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்து நொடியில் தொடங்குங்கள். மின்னல் தொலைவில் மங்கலாக இருந்தால் எஃப் 5.6. தலைக்கு நெருங்கினால் எஃப் 11. தலைக்கு நெருங்கினால் உள்ளே போய்விடுங்கள் என்பதுதான் சரி, அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபோகஸை நீங்களே வையுங்கள். தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, புள்ளியாகும் வரை திருகி, அப்படியே விட்டுவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது அதிர்வு தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு என்று மெனுவில் ஒன்று இருக்கும், ஷட்டர் நெடுநேரம் திறந்த படத்தில் விழும் பொடிப்புள்ளிகளை நீக்குவதற்கு. அது இயங்கினால் பத்து நொடிப் படத்துக்கு அப்புறம் கேமரா இன்னொரு பத்து நொடி சும்மா இருக்கும். அந்தப் பத்து நொடியில்தான் வெட்டும். எனக்கு ஒரு அக்டோபர் முழுக்க அப்படித்தான் போயிற்று. அணைத்துவிட்டு, தொடர் படத்தில் போட்டு, ரிமோட்டைப் பூட்டிவிட்டு டீ குடியுங்கள். மின்னலைப் பார்த்து அமுக்கும் வேலையே வேண்டாம்.

இனிமேல் இடம். மொட்டைமாடி வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், மொட்டைமாடி வேண்டாம். 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரே காவல் கோபுரத்தில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இடி விழுந்தது, 11 பேர் போனார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஆனால் இடி காதில் விழுகிறது என்றாலே அது உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புணே வெப்பமண்டல வானிலையியல் ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், சுற்று வட்டாரத்தில் எங்கே வெட்டுகிறது என்று காட்டும். வானிலைத் துறையின் ராடார் படமும் திறந்திருக்கட்டும்.

நான் எடுப்பது சமையலறை ஜன்னலிலிருந்து. கிழக்கே பார்த்த ஜன்னல், மலங்கட் மலை தெரியும். கண்ணாடியை மூடி, விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிக் கறுப்புத் துணி. வெளியே கிரில் இருக்குமே, அந்தக் கம்பிகளுக்கு நடுவில் லென்ஸ் பார்க்கும்படி ட்ரைபாடை நகர்த்திக்கொள்ள வேண்டும். இடி நேரத்தில் கிரில்லைத் தொடாதீர்கள். வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாடு லேட்டாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாராவித் தம்பி | ஜூலை 19, இரவு 9:52

போனில் முடியுமா அண்ணே?

டோம்பிவிலிக்காரன் | ஜூலை 19, இரவு 10:10

முடியும். 4கே வீடியோ எடுத்துவிட்டு, வெட்டின ஃப்ரேமை மட்டும் உருவிக்கொள். எட்டு மெகாபிக்சல் கிடைக்கும். சில ஃப்ரேமில் பாதிப் படம் வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் இருக்கும். போன் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வருவது அது, உன் தப்பில்லை.

தாராவித் தம்பி | ஜூலை 19, இரவு 10:14

ட்ரோன்?

டோம்பிவிலிக்காரன் | ஜூலை 19, இரவு 10:15

மும்பையில் போலீஸ் அடிக்கடி தடை உத்தரவு போடுகிறது. அனுமதி இல்லாமல் எடுக்காதே, ஸ்டேஷனில் உட்கார வேண்டிவரும்.

மாட்டுங்கா மாமா | ஜூலை 20, காலை 10:30

கடலை விடுங்கள் என்று சொல்லிவிட்டான், எனக்கு மனசு கேட்கவில்லை. மின்னல் இல்லாவிட்டால் அலை இருக்கிறதே. ஏற்ற அலை நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்கூட்டியே பட்டியல் போட்டு அறிவிக்கும். பட்டியல் கிடைக்காவிட்டால் பஞ்சாங்கம் போதும். அமாவாசை, பௌர்ணமி, அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாள். இந்த ஊர்க் கடலின் வழக்கம் என்னவென்றால், பெரிய ஏற்றம் எல்லாம் நடுப்பகல் பன்னிரண்டு ஒன்று வாக்கில்தான் வரும், இல்லையென்றால் நள்ளிரவில். அதனால் மெரின் டிரைவ் அலைப் படம் என்றாலே ஆபீஸ் சாப்பாட்டு நேரத்துக் கூட்டமும் சேர்ந்து விழும். எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். டிபன் டப்பாவோடு நனைகிற ஆளின் முகம் எந்த அலைக்கும் குறைந்ததில்லை. சாலையின் அந்தப் பக்க நடைபாதையில் நின்று ஜூம் பண்ணி எடுங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், கரையோரம் கிடக்கும் அந்த நாலுகால் கான்கிரீட் கற்களில் இறங்கவே இறங்காதீர்கள்.

மழை எங்கே பெய்யும் என்று இந்த ஊரில் நம்பவும் முடியாது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர். அதே நாள் கொலாபாவில் 73. ஒரே நகரம்! தெற்கே வேலையில் இருந்தவர்களுக்கு வடக்கே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நான் அன்று குர்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தேன், நெஞ்சளவு தண்ணீர். பையைத் தலையில் வைத்திருந்தேன். பைக்குள் பென்டாக்ஸ் கேமரா, அதில் இருபது ஃபிரேமுக்கு மேல் ஃபிலிம். ஒன்று கூட எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. முன்னால் போன ஒரு அம்மாள் கையில் பள்ளிக்கூடப் பையன் இருந்தான், அவனைத் தோளில் வாங்கிக்கொண்டேன்.

பன்வேல் பாண்டி | ஜூலை 20, மதியம் 3:15

மாமா இதை இதுவரை சொன்னதே இல்லை.

அருவிப் பக்கமும் ஒரு வார்த்தை. லோணாவளா பூஷி அணைக்குப் பின்னால் 2024 ஜூன் 30 அன்று ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நிற்கிற இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் தண்ணீர் சில நிமிஷத்தில் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கலாகிறது, சருகு மிதந்து வருகிறது என்றால் ட்ரைபாடை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுங்கள்.

அப்புறம் பூஞ்சை. ஜூலையில் பையோடு அலமாரியில் வைத்த லென்ஸை செப்டம்பரில் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி படர்ந்திருக்கும். எனக்கு ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ் அப்படிப் போயிற்று. ஒரு ரிப்பேர் கடையில் சுத்தம் பண்ணக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது உள்ளே ஒரு விரல் ரேகையும் சேர்ந்திருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. ஈரம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும். அரிசி மூட்டையில் வைக்காதீர்கள், தவிடுதான் உள்ளே போகும். எல்லாவற்றையும்விட, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும், பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு அப்புறம் திறங்கள்.

செம்பூர்ச் சிட்டு | ஆகஸ்ட் 18, இரவு 9:05

நாணேகாட் போய்வந்தோம். குடை மடங்கிய ஆளாகத் தம்பியை நிறுத்தினேன், அவனுக்குக் கோபம். படம் இணைத்திருக்கிறேன். கைக்குட்டை எட்டும் ஈரம்.

பன்வேல் பாண்டி | ஆகஸ்ட் 18, இரவு 9:40

தண்ணீர் மேலே போவது நன்றாகத் தெரிகிறது. அடிவானம் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்திவிடுங்கள். தம்பி முகம் பிரமாதம்.

செம்பூர்ச் சிட்டு | அக்டோபர் 7, இரவு 11:37

கை இன்னும் நடுங்குகிறது. மதியம் மூன்றரைக்கு ஆபீஸ் ஜன்னலில் கிழக்கே காலிஃபிளவரைப் பார்த்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மானேஜர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆறரைக்கு தாமினியில் கல்யாண் பக்கம் சிவப்புப் புள்ளிகள். சமையலறை ஜன்னல், கறுப்புத் துணிக்கு அம்மாவின் பழைய பாவாடை. 340 படம் எடுத்தேன், ஏழில் மின்னல் இருக்கிறது. ஐந்து மேகத்துக்குள்ளேயே பூத்தது. ஒன்று எதிர்க் கட்டடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. ஒன்றே ஒன்று வாஷிப் பக்கம் நேராக, தரை வரைக்கும். கழிமுகத் தண்ணீரில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. கமுக்கம் சார், பார்த்துக்கொள்ளுங்கள்!

இடது ஓரத்தில் மங்கலாகக் கோடு மாதிரித் தெரிவது எங்கள் வீட்டுக் கிரில். வெட்டிவிடவா, இருக்கட்டுமா?

கமுக்கம் | அக்டோபர் 7, இரவு 11:50

வானமும் நம் ஊர், தண்ணீரும் நம் ஊர்தான். சுத்தம்.

டோம்பிவிலிக்காரன் | அக்டோபர் 7, இரவு 11:58

கிரில் இருக்கட்டும். நான் எடுத்ததில் இந்த வெட்டு இல்லை, எனக்கு அந்த நேரம் கரண்ட் போய், யாரோ ட்ரைபாடில் இடித்துக்கொண்டார்கள். நாளைக்கும் காலையில் வெயில் அடித்தால் மூன்று மணிக்குக் கிழக்கே பாருங்கள்.

மாட்டுங்கா மாமா | அக்டோபர் 8, காலை 6:20

அம்மா என்ன சொன்னாள்?

செம்பூர்ச் சிட்டு | அக்டோபர் 8, காலை 7:05

"பாவாடையைத் துவைச்சுப் போடு" என்றாள். படத்தைத் தென்காசிக்கு அனுப்பிவிட்டாள்.